ஹார்வர்டு சேர்க்கையில் ஆசிய மாணவர்கள்: இனம் எங்கே, எப்படிக் கணக்கில் வந்தது?

“அமெரிக்காவிலும் ரிசர்வேஷன் இருந்தது, 2023-ல் சுப்ரீம் கோர்ட் தூக்கிவிட்டது.” “ஏசியன் என்று போட்டால் 140 மார்க் கூடுதலாக எடுத்தாக வேண்டும்.” அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த இரண்டு வரியும் தவறாமல் வந்துவிடும். முதல் வரி பாதி தவறு. இரண்டாவது, ஓர் ஆய்வில் இருந்த எண்ணைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டதால் முளைத்த வதந்தி. ஹார்வர்டு மீது 2014-ல் தொடுக்கப்பட்ட வழக்கில் அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஆவணங்களே நீதிமன்றத்துக்கு வந்தன. வேறெந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் உள்வேலையும் இவ்வளவு விரிவாக வெளியே வந்ததில்லை. அதனால் இங்கே ஹார்வர்டையே எடுத்துக்கொள்வோம்.

கட் ஆஃப் இல்லாத சேர்க்கை

நமக்குப் பழகிய முறை அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட் ஆஃப். அதை வைத்துத் தரவரிசை. 69 சதவீத இட ஒதுக்கீட்டில் எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். 196.5 எடுத்தவருக்கு இடம் இல்லை, அதே பிரிவில் 195 எடுத்தவருக்கு அதே இடம் கிடைத்தது என்றால் அது முறைகேடு, கோர்ட்டுக்குப் போகலாம்.

ஹார்வர்டில் இந்தத் தரவரிசையே கிடையாது. 2019 பேட்ச்சுக்கு (அங்கே பேட்ச்சைப் பட்டம் பெறும் ஆண்டை வைத்துச் சொல்வார்கள், இவர்கள் சேர்ந்தது 2015-ல்) 35,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதில் சுமார் 26,000 பேர் உள்நாட்டு மாணவர்கள். இருந்த இடம் ஏறத்தாழ 1,600. அந்த 26,000 பேரில் எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) கணிதத்தில் முழு மதிப்பெண் எடுத்தவர்கள் மட்டும் சுமார் 3,400 பேர். பள்ளியில் முழு ஜிபிஏ (பள்ளி கிரேடுகளின் சராசரி) வைத்திருந்தவர்கள் 8,000-க்கும் மேல். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இடம் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. முழு மதிப்பெண்காரர்களே இடங்களைவிடப் பல மடங்கு இருக்கிறார்கள்.

ஆகவே “1600-க்கு 1600 எடுத்த தமிழ்ப் பையனை ஹார்வர்டு நிராகரித்துவிட்டது” என்ற செய்தி எதையும் நிரூபிக்காது. அவனைப் போன்ற வெள்ளைக்காரப் பையன்களும் ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாக நிராகரிக்கப்படுகிறார்கள். தனி ஒருவரின் கதையைக் கொண்டு பாகுபாடு இருந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் எதுவும் தெரியும்.

கோப்பு போகும் வழி

மதிப்பெண், கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை, குடும்பச் சூழல், ஊர் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எடைபோடுவதை ‘முழுமைப் பரிசீலனை’ என்பார்கள். ஹார்வர்டில் விண்ணப்பங்கள் ஊர்வாரியாக 20 கட்டுகளாகப் பிரிக்கப்படும். முதலில் படிக்கும் அலுவலர் ஐந்து துறைகளில் மதிப்பீடு போடுவார்: படிப்பு, பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடு, விளையாட்டு, பள்ளியின் பரிந்துரை, ஆளுமை. இவற்றோடு ஒட்டுமொத்த மதிப்பீடு ஒன்று. அளவு 1 முதல் 6 வரை, 1-தான் உச்சம்.

படிப்பில் 2 வாங்க மிகச் சிறந்த கிரேடுகளும், 800-க்கு 700-களின் நடுவிலிருந்து மேலே எஸ்ஏடியும் வேண்டும். 1 என்பது வேறு ரகம். மதிப்பெண்ணோடு சொந்தமாக ஓர் ஆய்வு, அசாதாரணமான படைப்பூக்கம் என்று ஏதாவது இருக்க வேண்டும். நம் பெற்றோர் ‘டாப்’ என்று நினைக்கும் பிள்ளை பெரும்பாலும் இந்த 2-ல்தான் நிற்கிறது, தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களோடு.

பிறகு கோப்பு அந்தந்த வட்டாரத் துணைக்குழுவுக்குப் போகும். அங்கிருந்து சுமார் 40 பேர் கொண்ட முழுக்குழு, அங்கே வாக்கெடுப்பு. கடைசியில் இடத்தைவிடப் பெயர்கள் கூடுதலாக இருந்தால் சிலரை வெட்டுவார்கள். இந்தக் கடைசிக் கட்டப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேராக நான்கே விவரங்கள் இருந்தன: பெற்றோர் ஹார்வர்டில் படித்தவர்களா, விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரா, நிதியுதவிக்குத் தகுதி உண்டா, என்ன இனம். இனம் வெளிப்படையாகத் தலைகாட்டிய இடங்களில் இது முக்கியமானது.

ஒதுக்கீடு என்றால் குற்றம், ‘கூடுதல் தகுதி’ என்றால் சட்டம்

நம் ஊர் அர்த்தத்தில் இட ஒதுக்கீடு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 1978-லேயே சட்டவிரோதமாகிவிட்டது. கலிஃபோர்னியாவில் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கி வைத்திருந்தது. ஆலன் பாக்கி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாக, ஒரு கூடுதல் தகுதியாகப் பார்க்கலாம் என்று கதவைச் சற்றுத் திறந்தும் வைத்தது.

எவ்வளவு கூடுதல்? மிச்சிகன் பல்கலைக்கழகம் இதை எண்ணாகவே எழுதி வைத்திருந்தது. 150 புள்ளிகளில் 100 எடுத்தால் இடம். கறுப்பின, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி), அமெரிக்கப் பூர்வகுடி மாணவருக்கு 20 புள்ளி. எஸ்ஏடியில் முழு மதிப்பெண் எடுத்தாலே 12 புள்ளிதான். 2003-ல் உச்ச நீதிமன்றம் இதையும் ரத்து செய்தது. அதே நாளில், அதே மிச்சிகனின் சட்டக் கல்லூரி எண் எதுவும் போடாமல் ஆளுக்கு ஆள் பார்த்து இனத்தைக் கணக்கில் எடுத்ததை ஏற்றுக்கொண்டது. அளந்து கொடுத்தால் தவறு, அளக்காமல் கொடுத்தால் சரி என்று ஆகிவிட்டது. பின்னால் வந்த சண்டைகளில் பாதிக்கு இந்த மூட்டம்தான் காரணம் என்பேன். எவ்வளவு கொடுக்கப்படுகிறது என்று வெளியே யாருக்கும் தெரியாத ஒரு முறையைச் சட்டமே கேட்டு வாங்கியது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: தரவரிசை இல்லை, ஒதுக்கப்பட்ட இடம் இல்லை, புள்ளி இல்லை. ஒரு குழு பல மதிப்பீடுகளைப் பார்த்து வாக்களிக்கிறது. இனம் அதில் ஒரு காரணி. 2023 வரை நிலைமை இதுதான்.

அந்தக் கட்டத்துக்குள் யார் யார்

இந்த விவாதத்தில் ‘ஆசிய மாணவர்’ என்றால் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஆசிய வம்சாவளியினர். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ விண்ணப்பிக்கும் மாணவர் இதில் வரமாட்டார். அவர் ‘வெளிநாட்டு மாணவர்’ என்ற தனிக் கணக்கில் போவார். நம் ஆட்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது.

கட்டமும் மிகப் பெரியது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்கள் வெள்ளையரோடு எண்ணப்பட்டார்கள். 1980-ல்தான் ஆசியப் பிரிவுக்குள் வந்தார்கள். இன்று நியூஜெர்சியில் இரண்டு ஐடி சம்பளம் வரும் தமிழ் வீட்டுப் பெண்ணும், லாவோஸ் போருக்குப் பின் அகதிகளாக வந்து மின்னசோட்டாவில் குடியேறிய ஹ்மோங் குடும்பத்துப் பையனும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள். தெற்காசியர் போதுமான அளவு இருக்கிறார்களா, கிழக்காசியர் இருக்கிறார்களா என்பதில் பல்கலைக்கழகங்களுக்கு அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை என்று 2023 தீர்ப்பிலேயே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் குத்திக் காட்டியிருக்கிறார்.

43 எப்படி 18 ஆனது

பேச்சில் எப்போதும் கலந்துவிடும் இரண்டு கேள்விகளை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களுக்குக் கொடுத்த கூடுதல் தகுதியால் ஆசியருக்கு இடம் குறைந்ததா என்பது ஒன்று. வெள்ளைக்கார மாணவரோடு ஒப்பிடும்போதும் ஆசியர் கீழே தள்ளப்பட்டார்களா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம் என்று சொல்வதில் பெரிய சிரமம் இல்லை. இனத்தைப் பார்த்ததால் சேர்க்கப்பட்ட ஆசியரின் எண்ணிக்கை 11.1 சதவீதம் குறைந்தது என்று, ஹார்வர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த மேல்முறையீட்டு நீதிமன்றமே குறித்திருக்கிறது. உண்மையான சர்ச்சை இரண்டாவதில்.

ஹார்வர்டின் சொந்த ஆய்வுப் பிரிவு 2013-ல் ஒரு கணக்குப் போட்டது. பத்து பேட்ச் தரவை (2007 முதல் 2016 வரை) எடுத்து, சேர்க்கை வேறு விதமாக நடந்திருந்தால் ஆசியர் பங்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று படிப்படியாகப் பார்த்தது.

படிப்பை மட்டும் பார்த்தால்: 43 சதவீதம்.
விளையாட்டு வீரர், முன்னாள் மாணவர் பிள்ளை ஆகிய சலுகைகளைச் சேர்த்தால்: 31.
பாடத்துக்கு வெளியே உள்ள செயல்பாடும் ஆளுமையும் சேர்ந்தால்: 26.
இனம் உள்ளிட்ட மக்கள்தொகை விவரமும் சேர்ந்தால்: 18.

உண்மையில் சேர்ந்தவர்கள் சுமார் 19. அதாவது கணக்கு நிஜத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

இந்த நான்கு எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லோரும் கோபப்படுவது கடைசிப் படியைப் பார்த்து. அங்கே விழுந்தது 8. ஆனால் முதல் படியிலேயே 12 விழுந்துவிட்டது. அந்தப் படியில் இனம் என்ற சொல்லே இல்லை. இருப்பது படகு ஓட்டத் தெரிந்ததும் அப்பா ஹார்வர்டில் படித்ததும்.

இந்தச் சலுகைக்காரர்கள் நான்கு வகை: விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பெற்றோர் அங்கே படித்த ‘லெகசி’ பிள்ளைகள், நன்கொடையாளர் குடும்பங்கள் போன்றவை இடம்பெறும் டீனின் தனிப் பட்டியலில் இருப்பவர்கள், ஆசிரியர், ஊழியர் பிள்ளைகள். விண்ணப்பதாரர்களில் இவர்கள் 5 சதவீதம்கூட இல்லை, இடம் பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம். வழக்குத் தரவை வைத்து 2019-ல் வெளியான ஆய்வின்படி, இடம் பெற்ற வெள்ளையரில் 43 சதவீதத்துக்கு மேல் இந்த வகையினர். ஆசியரில் 16 சதவீதத்துக்கும் குறைவு. இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1990-லேயே அமெரிக்கக் கல்வித்துறை ஹார்வர்டை விசாரித்து, ஆசியர் வெள்ளையரைவிடக் குறைந்த விகிதத்தில் இடம் பெறுவதற்கு லெகசியும் விளையாட்டும் காரணம், பாகுபாடு இல்லை என்று முடித்துவைத்தது. முடித்துவைத்தார்களே தவிர, லெகசியை யாரும் தொடவில்லை. 2023 தீர்ப்பும் தொடவில்லை.

ஆளுமை மதிப்பீடு: சண்டை நடந்த இடம்

இரண்டாவது படியிலிருந்து மூன்றாவதற்கு இறங்கும்போது 31, 26 ஆகிறது. அங்கே ஒளிந்திருப்பது ஆளுமை மதிப்பீடு. நேர்மை, அன்பு, துணிச்சல், தலைமைப் பண்பு போன்றவற்றை வைத்து சேர்க்கை அலுவலர் போடும் எண். ஆசியர் படிப்பிலும் செயல்பாடுகளிலும் மேலே இருந்தார்கள். ஆளுமையில் மட்டும் வெள்ளையரைவிடச் சராசரியில் கீழே. விண்ணப்பதாரரை நேரில் சந்தித்துப் பேசிய முன்னாள் மாணவர்களோ ஆசியருக்கும் வெள்ளையருக்கும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஆளுமை மதிப்பீடு கொடுத்திருந்தார்கள். அலுவலர்கள் பெரும்பாலானவர்களை நேரில் பார்த்ததே இல்லை. அவர்கள் கையில் இருந்தது கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும் நேர்காணல் குறிப்பும்தான்.

வழக்குத் தொடுத்த ‘நியாயமான சேர்க்கைக்கான மாணவர்கள்’ அமைப்புக்காக டியூக் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஆர்சிடியாகோனோ கணக்குப் போட்டார். ஹார்வர்டுக்காகப் பெர்க்லியின் டேவிட் கார்டு. 2021-ல் பொருளாதார நோபல் பெற்றவர். இருவரிடமும் இருந்தது ஒரே தரவு. ஆளுமை மதிப்பீட்டைச் சேர்க்காமல் கணக்கிட்டால், மற்றவை சமமாக உள்ள வெள்ளையரைவிட ஆசியருக்கு வாய்ப்பு தெளிவாகக் குறைவு. சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வித்தியாசம் புள்ளியியல் ரீதியாகக் கரைந்துவிடுகிறது.

அப்படியானால் எது சரி? தராசின் மேலேயே சந்தேகம் இருக்கும்போது, அதே தராசில் நிறுத்து “பாருங்கள், எடை சரியாக இருக்கிறது” என்று காட்டுவது எதையும் தீர்க்காது. ஆர்சிடியாகோனோ தரப்பின் வாதம் இதுதான்: ஆளுமை மதிப்பீட்டிலேயே இனம் கலந்திருந்தால், அதைச் சேர்த்துக் கணக்கிடுவது பாகுபாட்டை மறைத்துவிடும். எதிர்த்தரப்பின் வாதத்திலும் சாரம் உண்டு. ஆசிரியர்களின் பரிந்துரை நிஜமாகவே வேறுபட்டிருந்தால், மதிப்பீட்டை நீக்குவது ஒரு நிஜமான தகவலைத் தூக்கி எறிவது. இதை எந்தப் புள்ளியியலும் தனியாகத் தீர்க்க முடியாது. இரண்டு விளக்கமும் ஒரே எண்களைத்தான் தரும்.

பாஸ்டன் நீதிபதி அலிசன் பரோஸ் 2019-ல் வேண்டுமென்றே செய்த பாகுபாடு நிரூபிக்கப்படவில்லை என்றார். ஆனால் அலுவலர்களுக்குத் தங்களை அறியாமல் வரும் சார்பு பற்றிய பயிற்சி உதவும் என்றும் எழுதினார். 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆளுமை மதிப்பீட்டில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று ஹார்வர்டு எழுத்தில் போட்டது 2018-ல்தான், விசாரணை தொடங்கிய ஆண்டில். அதற்கு முன் ஏன் எழுதவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. 1920-களில் யூத மாணவர் எண்ணிக்கை கூடியபோது, அன்றைய ஹார்வர்டு தலைவர் லோவெல் நேரடி வரம்பு கேட்டுப் பார்த்து முடியாமல் போக, ‘குணநலன்’ என்ற அளவுகோல் சேர்க்கைக்குள் வலுவாக நுழைந்தது என்ற வரலாறும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

அந்த 140

பிரின்ஸ்டன் சமூகவியலாளர் தாமஸ் எஸ்பென்ஷேட் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் வந்த எண் இது. 1997-ல் விண்ணப்பித்தவர்களின் தரவு. 1600-க்கான எஸ்ஏடியில், சம வாய்ப்பு பெறும் வெள்ளையரைவிட ஆசியரின் மதிப்பெண் 140 கூடுதலாக இருந்தது. பரிந்துரைக் கடிதம், கட்டுரை போன்றவை அந்தத் தரவில் இல்லை. அதனால் இதைப் பாகுபாட்டுக்கு ஆதாரமாகக் கொள்ள முடியாது என்று அவரே சொன்னார். இதை ஏதோ விண்ணப்பத்தில் கழிக்கப்படும் மைனஸ் மார்க் மாதிரி நம் வாட்ஸ்அப் பரப்புகிறது.

மதிப்பெண்ணில் நேரடி வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்ததை விசாரணை காட்டியது. விண்ணப்பம் போடச் சொல்லி ஹார்வர்டு அனுப்பும் அழைப்புக் கடிதங்களில், குறைவான விண்ணப்பங்கள் வரும் மாநிலங்களில் வெள்ளை மாணவருக்கு, எஸ்ஏடிக்கு முன்னோட்டத் தேர்வான பிஎஸ்ஏடியில் 1310 போதும். ஆசியப் பெண்ணுக்கு 1350, ஆசிய ஆணுக்கு 1380 வேண்டும். இது கடிதம் போவதற்கான அளவு. இடம் கிடைப்பதற்கானது இல்லை.

2023 தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

2023 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகம் இரண்டின் முறையையும் ரத்து செய்தது. அரசுப் பல்கலைக்கழகமான வட கரோலினாவுக்கு அரசியலமைப்பின் 14-வது திருத்தம் பொருந்தும். தனியாரான ஹார்வர்டு அரசு நிதி வாங்குவதால் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு பொருந்தும். காரணங்கள்: அளந்து பார்க்க முடியாத நோக்கங்கள், சிலருக்கு இனம் பாதகமாக அமைந்தது, இனத்தை வைத்து ஆளைத் தீர்மானிக்கும் போக்கு, முடிவுத் தேதி இல்லாதது.

ஆசியரை வெள்ளையரைவிடக் கீழே தள்ளினார்கள் என்று தீர்ப்பு முடிவு கட்டவில்லை. மேலே சொன்ன முதல் கேள்வியிலேயே வழக்கு முடிந்துவிட்டது. இரண்டாவது திறந்தே கிடக்கிறது.

இனம் தன் வாழ்க்கையை எப்படி வடிவமைத்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம், பல்கலைக்கழகம் அதைப் படித்து அந்தத் தனி மனிதரின் துணிவையோ திறமையையோ எடைபோடலாம் என்று ராபர்ட்ஸ் அனுமதித்திருக்கிறார். கட்டுரையைச் சாக்காக வைத்துப் பழைய முறையைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு.

தீர்ப்புக்குப் பிந்தைய எண்களைப் படிக்கும்போது

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் 2024-ல் சேர்ந்தவர்களில் ஆசியர் 47 சதவீதம். முந்தைய நான்கு ஆண்டுச் சராசரி 41. கறுப்பினத்தவர் 13-லிருந்து 5. அதே ஆண்டு யேலில் ஆசியர் 30-லிருந்து 24-ஆகக் குறைந்தார்கள். ஹார்வர்டில் 37, முந்தைய ஆண்டும் 37. அடுத்த ஆண்டு 41. ஒரே தீர்ப்பு, மூன்று திசை.

குழப்பத்தில் ஒரு பகுதி கணக்கிடும் முறையால் வருவது. ஹார்வர்டின் 2027 பேட்ச்சுக்கு முதலில் வெளியான ஆசியர் பங்கு 29.9 சதவீதம். பிறகு அதே பேட்ச்சுக்கு 37 என்று வந்தது. அனுமதி பெற்றவர்களா, சேர்ந்தவர்களா, வெளிநாட்டவரும் இனம் சொல்லாதவர்களும் கூட்டுத்தொகையில் உண்டா என்பதைப் பொறுத்து எண் மாறும். 29.9-ஐயும் 37-ஐயும் பக்கத்தில் வைத்து “தீர்ப்பு வந்ததும் ஏறிவிட்டது” என்று எழுதியவர்கள் இல்லாத ஏற்றத்தைக் கண்டார்கள். ஹார்வர்டில் இனத்தைச் சொல்லாதவர்கள் 4-லிருந்து 8 சதவீதமானதும் ஒப்பீட்டைக் கெடுக்கிறது.

விண்ணப்பிப்பவருக்கு

அமெரிக்காவில் வளர்ந்த பிள்ளை என்றால்: பொது விண்ணப்பப் படிவத்தில் இனக் கேள்விக்குப் பதில் சொல்வது கட்டாயம் இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் அந்தப் பதிலைச் சேர்க்கைக் குழு கண்ணில் படாமல் மறைக்கும் வசதியும் பல்கலைக்கழகங்களுக்கு உண்டு. ஆகவே ‘ஏசியன்’ என்று போடாதே, பரதநாட்டியத்தை எழுதாதே என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லும் ஆலோசகரின் அறிவுரைக்கு மதிப்பு இல்லை. பெயரும் கட்டுரையும் பரிந்துரையும் எப்படியும் சொல்லிவிடும். பதினொரு வருடம் ஆடிய நடனத்தை மறைத்தால் செயல்பாட்டு மதிப்பீடுதான் சரியும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ விண்ணப்பிப்பவருக்கு இந்தச் சண்டை முழுவதும் பக்கத்துத் தெரு. எம்ஐடியில் இளநிலை மாணவர்களில் வெளிநாட்டினர் சுமார் 10 சதவீதம்தான்; உலகம் முழுவதும் அதற்குள் போட்டி. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பணம். ஹார்வர்டு, எம்ஐடி, யேல், பிரின்ஸ்டன் போன்ற சில இடங்கள் வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டாலும் அதை வைத்து நிராகரிப்பதில்லை. மற்றப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கும் உதவித்தொகையையும் சேர்த்தே எடைபோடும். பட்டியல் தயாரிக்கும்போதே ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நிதியுதவிப் பக்கத்தில் வெளிநாட்டு மாணவருக்கான விதியைப் படித்துவிட்டு, வீட்டால் ஆண்டுக்கு எவ்வளவு முடியும் என்ற தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதவி வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டுப் பிறகு கேட்டால், பல இடங்களில் வெளிநாட்டு மாணவருக்குக் கிடைக்காது.